ஒரே கிணறு, மூன்று பாடம்: விசை, மின்சாரம், ஒலி – பத்தாம் வகுப்புக்கு எப்படி நடத்தலாம்?

#1 அரூர் டீச்சர்

பத்தாம் வகுப்பு அறிவியலில் இயக்க விதிகள் முதல் பாடம், மின்னோட்டவியல் நான்காவது, ஒலியியல் ஐந்தாவது. பிள்ளைகள் மூன்றையும் மூன்று தனி ஊர் மாதிரிப் படிக்கிறார்கள். நம் மாவட்டத்தில் கிணறோ போரோ (ஆழ்துளைக் கிணறோ) இல்லாத தெரு கிடையாது. அதனால் கிணற்றை மட்டும் வைத்து மூன்று பாடத்துக்கும் செயல்பாடு அமைக்கப் பார்க்கிறேன். மூன்று இடத்தில் தெளிவு வேண்டும்.

ஒன்று: திறந்த கிணற்றில் கல் போட்டு, தண்ணீரில் விழும் சத்தம் வரை நேரம் எடுத்து ஆழம் கணக்கிடுவது. மூன்று பேர் ஸ்டாப்வாட்ச் பிடித்தால் 1.8, 2.0, 2.2 நொடி என்று வருகிறது. ஆழம் 52 அடியிலிருந்து 78 அடி வரை ஓடுகிறது. ஒலி மேலே வர எடுக்கும் நேரத்தை விட்டுவிட்டதுதான் காரணமா?

இரண்டு: இதையே போர்வெல்லில் செய்யலாமா?

மூன்று: மோட்டார் ஓடாதபோது மீட்டரில் 230 வோல்ட் காட்டுகிறது, சுவிட்சு போட்டதும் உர்ரென்று நின்றுவிடுகிறது. “கரண்ட் முழுசா வருது, அப்புறம் ஏன் ஓடலை?” என்ற கேள்விக்கு ஓம் விதியை வைத்தே பதில் சொல்ல முடியுமா?

#2 பென்னாகரம் இயற்பியல்

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது.

ஒலி நேரத்தை விட்டது ஒரு பிழைதான். ஆனால் உங்களுக்கு வந்த சிதறலுக்கு அது காரணமில்லை. மொத்த நேரம் 2.0 நொடி என்று வையுங்கள். ஒலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ஆழம் ½ × 9.8 × 2² = 19.6 மீ. சேர்த்தால் 18.55 மீ. சரிபார்த்துக்கொள்ளலாம்: 18.55 மீ விழ 1.946 நொடி, ஒலி மேலே வர 18.55 ÷ 346 = 0.054 நொடி, கூட்டினால் 2.00. ஆக ஒலியை மறந்ததால் வந்த பிழை ஏறக்குறைய 1 மீ.

ஸ்டாப்வாட்சுக்கு வாருங்கள். கண்ணும் காதும் உணர்ந்து விரல் அழுத்துவதற்குள் 0.2 நொடி போய்விடும். கல் தண்ணீரைத் தொடும்போது நொடிக்கு 19 மீ வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் 0.2 நொடி பிசகினால், ஒலித் திருத்தமும் சேர்த்து, ஆழத்தில் 3.6 மீ, அதாவது 12 அடி பிசகும். ஒலித் திருத்தத்தைவிட மூன்றரை மடங்கு பெரிய பிழை விரல் நுனியில் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பேன். சூத்திரத்தைத் திருத்துவதற்கு முன்னால் எந்தப் பிழை பெரியது என்று பார்க்கப் பழக வேண்டும்.

திருத்தத்துக்கு இருபடிச் சமன்பாடு போடத் தேவையில்லை. திருத்தாத ஆழத்தை (1 + 9.8 × நேரம் ÷ 346) ஆல் வகுத்தால் போதும். 2 நொடிக்கு 19.6 ÷ 1.057 = 18.55. கிணற்று ஆழங்களுக்கு இந்தச் சுருக்குவழியில் வரும் வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான்.

#3 ஓசூர் ஒலி

விரலை விட்டுவிடுங்கள், போனில் ஒலிப்பதிவு பண்ணுங்கள்.

கல்லை நூலில் கட்டி, கிணற்று விளிம்பின் மட்டத்தில் ஆடாமல் தொங்கவிட வேண்டும். போனைப் பதிவில் போட்டுப் பக்கத்தில் வைத்து, நூலைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். வெட்டும் ‘டக்’ ஒன்று, தண்ணீரில் விழும் ‘தொப்’ ஒன்று, இரண்டும் ஒரே பதிவில் விழும். ஒலி அலைவடிவத்தைக் காட்டும் எந்தச் செயலியிலும் திறந்து இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள நேரத்தைப் படிக்கலாம். 0.01 நொடிக்குச் சுத்தமாக வரும். பிழை 12 அடியிலிருந்து 20 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். #2-இல் சொன்ன ஒலித் திருத்தத்துக்கு இந்த நிலையில்தான் வேலை வருகிறது.

தவறு வரும் இடங்கள்:

கல் சுவரில் பட்டால் அந்தப் பதிவைத் தூக்கிப் போடுங்கள். பழைய கிணறுகளில் படிக்கல் துருத்திக்கொண்டிருக்கும், அந்தப் பக்கம் வேண்டாம்.

‘தொப்’ சத்தத்தின் உச்சத்தைப் படிக்கக் கூடாது, தொடக்கத்தைப் படிக்க வேண்டும். தண்ணீர் தெறித்து மூடும் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் பெரிதாகும்.

ஒலியின் வேகத்துக்கு 331 + 0.6 × வெப்பநிலை. கிணற்றுக்குள் 26, 27 டிகிரி இருந்தால் 347. வெளியே வெயில் 38 டிகிரி அடிக்கிறது என்று அதைப் போடாதீர்கள். ஒலி நடந்து வருவது கிணற்றுக் காற்றில்.

#4 அரூர் டீச்சர்

நன்றி சார். கல் எந்த அளவு? “பெரிய கல்லு சீக்கிரம் விழும் டீச்சர்” என்று வகுப்பில் பாதிப் பேர் சொல்வார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு, வேறு வேறு கல் போட்டு வேறு வேறு விடை வந்தால் சங்கடம்.

#5 பென்னாகரம் இயற்பியல்

வேறு விடைதான் வரும், காற்றுத்தடையால். அதை மறைக்காமல் எண்ணோடு சொல்லிவிடுங்கள்.

கோழிமுட்டை அளவு கருங்கல், 5 செ.மீ குறுக்களவு, எடை 175 கிராம் போல. 18 மீ விழுந்து முடியும் நேரத்தில் காற்றுத்தடை கல்லின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டும். அதனால் அதே நேரத்தில் வெற்றிடத்தில் விழுவதைவிட 30 செ.மீ, ஏறக்குறைய ஓர் அடி, குறைவாக விழும். கோலிக்குண்டு அளவு என்றால் இந்தக் குறைவு இரண்டரை அடிக்குப் போகும். காரணம், நிறை விட்டத்தின் முப்படியில் ஏறுகிறது, காற்றை எதிர்கொள்ளும் பரப்பு இருபடியில்தான் ஏறுகிறது. சின்னக் கல்லுக்கு அதன் நிறையோடு ஒப்பிட்டால் தடை அதிகம்.

ஆக, “பெரிய கல் சீக்கிரம் விழும்” என்று சொன்ன பிள்ளை கண்ணால் பார்த்ததைச் சொல்கிறது. புவியீர்ப்பு முடுக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான், வித்தியாசத்தைக் கொண்டுவருவது காற்று. இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் வாக்கியத்தோடு நிறுத்தினால் பிள்ளை பாடத்தை நம்பாது, தன் கண்ணையும் நம்பாது.

#6 காவேரிப்பட்டணம் மோட்டார்

டீச்சர், இரண்டாவது கேள்விக்கு நேராச் சொல்றேன். போரில் கல் போடவே கூடாது.

ஆறரை இன்ச் துளையில் மோட்டார் இறங்கியிருந்தா மோட்டாருக்கும் பாறைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ஒரு இன்ச் சொச்சம்தான். அதுல ஒரு கல்லு சிக்கினா மோட்டாரை மேலே எடுக்க முடியாது. மோட்டார் இல்லாத போரா இருந்தாலும் கல்லு நேரா விழாது, சுவர்ல அடிச்சு அடிச்சுத்தான் இறங்கும். நேரக் கணக்கே பொய்யாயிடும்.

இன்னொன்னு, இதுதான் முக்கியம். மூடி கழட்டின போர் கிட்டப் பிள்ளைகளை விடாதீங்க. பெரியவங்க ரெண்டு பேர் நின்னு மூடியைத் திறந்து, வேலை முடிஞ்ச உடனே போல்ட் போட்டு முடுக்கிடணும். கைப்பிடிச் சுவர் இல்லாத திறந்த கிணத்துக்கும் இதே கட்டுப்பாடுதான்.

#7 ஓசூர் ஒலி

அண்ணா சொன்ன கட்டுப்பாட்டோடு, மோட்டார் இல்லாத போரில் எதிரொலியை அளக்கலாம். திறந்த கிணற்றைவிட இதில் பாடம் அதிகம்.

எதிரொலி தனியாகக் காதில் விழ 0.1 நொடி இடைவெளி வேண்டும், அதற்குக் குறைந்தது 17.2 மீ தூரம் வேண்டும் என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். 40 அடிக் கிணற்றில் கத்தினால் எதிரொலி தனியாகக் கேட்காமல் குரல் கனத்துக் கேட்பது இதனால்தான். தண்ணீர் 60 மீ ஆழத்தில் இருக்கும் போரில் ஒலி போய்வர 120 ÷ 347 = 0.346 நொடி. காதுக்கே தெளிவாகத் தெரியும், பதிவில் இன்னும் சுத்தமாகத் தெரியும்.

எப்படிச் சத்தம் எழுப்புவது என்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். ‘டக்’கென்ற கூர்மையான சத்தம் இங்கே உதவாது. ஆறரை இன்ச் குழாயில் ஏறக்குறைய 1200 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி நேர்கோட்டில் இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாகச் சிதறிப் போகும், திரும்பி வரும்போது குழம்பிவிடும். தாழ்ந்த சத்தம் வேண்டும். ரப்பர் செருப்பின் அடிப்பக்கத்தால் கேசிங் (போரின் மேல்பகுதியில் இறக்கியிருக்கும் குழாய்) வாயில் தட்டையாக ஒரு தட்டு, ‘தும்’ என்று, உடனே எடுத்துவிட வேண்டும். போன் வாயின் பக்கவாட்டில் இருக்கட்டும், உள்ளே தொங்கவிடாதீர்கள்.

பதிவில் முதலில் ஒரு சின்ன எதிரொலி தெரியலாம். அதைத் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு போயிற்று. நம் பக்கம் மேல்மண்ணும் உளுத்த பாறையும் முடியும் வரைதான் கேசிங், அதற்குக் கீழே வெறும் பாறைத் துளை. கேசிங் முடியும் இடத்தில் குறுக்களவு மாறுவதால் ஒலியில் ஒரு பங்கு அங்கேயே திரும்பும். கேசிங் 12 மீ என்றால் அது 0.07 நொடியில் வரும்.

தண்ணீர் எதிரொலியை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. ஒலி தண்ணீருக்கும் வாய்க்கும் நடுவே திரும்பத் திரும்பப் போய்வரும். அதனால் 0.346, 0.692, 1.038 என்று சம இடைவெளியில் மங்கிக்கொண்டே வரும். சம இடைவெளி கிடைத்தால் அதுதான் தண்ணீர்மட்டம். அந்த இடைவெளியை 347 ஆல் பெருக்கி 2 ஆல் வகுத்தால் ஆழம்.

#8 ஊத்தங்கரை பதினொன்று

ஒரு கேள்வி சார். ஆய்வகத்தில் ஒத்ததிர்வுக் குழாய் வைத்திருக்கிறோமே, போரும் ஒரு பக்கம் மூடிய குழாய்தானே? ஒத்ததிர்வு அதிர்வெண்ணை வைத்து ஆழம் சொல்ல முடியாதா?

#9 ஓசூர் ஒலி

கொள்கைப்படி சரி தம்பி. அடிப்படை அதிர்வெண் = வேகம் ÷ (4 × நீளம்). 60 மீட்டருக்கு 347 ÷ 240 = 1.45 ஹெர்ட்ஸ். காது 20 ஹெர்ட்சுக்குக் கீழே கேட்காது, போன் மைக்கும் அங்கே சரியாகப் பிடிக்காது.

ஆய்வகத்தில் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையோடு 3 செ.மீ குழாய் வைத்தால் முதல் ஒத்ததிர்வு 16 செ.மீ பக்கம், இரண்டாவது 49.8 செ.மீ பக்கம். முதல் அளவை மட்டும் வைத்து வேகம் கண்டால் 328 என்று குறைவாக வரும். அதிர்வு குழாயின் வாயைத் தாண்டி 0.9 செ.மீ வெளியே நீள்வதால் வரும் பிழை அது. இரண்டு அளவையும் கழித்து, 2 × 512 × 0.338 என்று போட்டால் 346 வந்துவிடும்.

#10 காவேரிப்பட்டணம் மோட்டார்

தண்ணிமட்டம் பார்க்க எளிய வழி ஒயர்தான். மின்சாரப் பாடமும் அதுலயே வந்துடும்.

100 மீட்டர் இரட்டை ஸ்பீக்கர் ஒயர். ஒரு முனையில ரெண்டு கம்பியையும் 1 செ.மீ உரிச்சு, ஒன்னுக்கொன்னு 1 செ.மீ தள்ளி நிக்கிற மாதிரி கட்டணும். மேல் முனையில 9 வோல்ட் பேட்டரி, 330 ஓம் ரெசிஸ்டர், சிவப்பு எல்இடி, எல்லாம் ஒரே தொடர்ல. முனை தண்ணியைத் தொட்டா சுற்று மூடி எல்இடி எரியும்.

அடியில 250 கிராம் நட்டு போல்ட்டை நைலான் கயித்துல கட்டித் தொங்கவிடணும். நட்டை நேரா ஒயர் முனையிலேயே கட்டிட்டா இரும்பு ரெண்டு கம்பியையும் தொட்டு எப்பவும் எரியும். மீட்டருக்கு ஒரு டேப், பத்து மீட்டருக்கு வேற நிற டேப்.

பொய்க் காட்டுதல் எங்க வரும்னா, பாறை வெடிப்புல இருந்து தண்ணி கசிஞ்சு சுவர் ஈரமா இருக்கும். முனை அதுல ஒட்டினா எல்இடி மினுக்கும். அதுக்கு முனையை ஒரு சின்ன பிவிசி குழாய்த் துண்டுக்குள்ள வைங்க. அடிப்பக்கம் திறந்திருக்கணும், மேல காத்து வெளியேற ஒரு ஓட்டையும் வேணும். ஓட்டை இல்லைன்னா உள்ளே காத்து அடைச்சுக்கிட்டு தண்ணி ஏறாது, மட்டம் தப்பாக் காட்டும்.

எரிஞ்சதும் கொஞ்சம் மேல இழுத்து அணையற இடத்தைக் குறிங்க. மூணு தடவை. காலையில, பக்கத்துத் தோட்டத்து மோட்டார் எதுவும் ஓடாதப்போ பாருங்க. பக்கத்துல ஓடினா இங்க மட்டம் இறங்கும். மோட்டார் இருக்கிற போரில் இந்த ஒயரை விடாதீங்க, பைப்புல சுத்திக்கும்.

#11 பென்னாகரம் இயற்பியல்

இந்தச் சுற்றில் ஒரு அருமையான கேள்வி ஒளிந்திருக்கிறது. 100 மீட்டர் ஒயரின் தடை எல்இடியை மங்கச் செய்யாதா?

1 சதுர மி.மீ செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.0172 ஓம். போகவர 200 மீ, 3.4 ஓம். முனைகளுக்கு நடுவே இருக்கும் தண்ணீரின் தடையோ சில நூறு முதல் சில ஆயிரம் ஓம். ஆக ஒயர் ஒரு பொருட்டே இல்லை, மெலிந்த ஒயரும் போதும். நம் ஊர் உப்புத்தண்ணீரில் எல்இடி நன்றாக எரியும், மழைநீரில் மங்கும். கடத்துவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அயனிகள்.

எல்இடி பளிச்சென்று எரிந்தால் ஃபுளோரைடு அதிகம் என்று பிள்ளைகள் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கத்தான். ஆனால் கடத்துதிறன் மொத்த உப்பைத்தான் காட்டும், ஃபுளோரைடைப் பிரித்துக் காட்டாது. அதற்குத் தனி வேதிச் சோதனை வேண்டும்.

அதே 3.4 ஓமை நினைவில் வையுங்கள். மோட்டார் கதையில் அது மறுபடி வருகிறது.

#12 காவேரிப்பட்டணம் மோட்டார்

வீட்டுல பேனல், அங்கிருந்து 150 மீட்டர் தள்ளி போர், மோட்டார் 100 மீட்டர் ஆழத்துல. மொத்தம் 250 மீட்டர், போகவர 500. முழுக்க 2.5 ஸ்கொயர், அதாவது 2.5 சதுர மி.மீ, செம்புக் கேபிள். தடை 500 × 0.0172 ÷ 2.5 = 3.44 ஓம்.

ஒன்றரை எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர் எடுக்குதுன்னு வைங்க. கேபிள்லயே 34 வோல்ட் போயிடும். மோட்டாருக்கு 196 தான் போய்ச் சேரும். மோட்டார் ஓடாதப்போ மீட்டர் 230 காட்டறது பொய் இல்லை. கரண்ட் ஓடலை, அதனால கேபிள்ல இழப்பும் இல்லை. சுமை இல்லாம அளந்த வோல்ட்டை வைச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாது.

கிளம்பற நேரம்தான் ஆபத்து. அப்போ 40 ஆம்பியர் வரைக்கும் கேட்கும். அதுக்குத் தகுந்த வோல்ட் போய்ச் சேராது, உர்ருனு நிக்கும், ரெண்டு நிமிஷம் விட்டா வைண்டிங் கருகிடும். மோட்டாரைக் கிளப்பிவிடற கெபாசிட்டரை மாத்தறதுக்கு முன்னாடி கேபிள் கணக்கைப் போட்டுப் பாருங்க. மேல ஓடற 150 மீட்டரை மட்டும் 6 ஸ்கொயராக்கினாலே மொத்தத் தடை 2.24 ஓமுக்கு வந்துடும், 34 வோல்ட் இழப்பு 22 ஆகும். அலுமினியக் கேபிள்னா அதே பருமனுக்குத் தடை 1.6 மடங்கு, அதையும் சேர்த்துக்கணும்.

#13 பென்னாகரம் இயற்பியல்

அண்ணா சொன்ன கணக்கு சரி, ஒரு எச்சரிக்கை மட்டும். 40 × 3.44 = 138 வோல்ட் இழப்பு என்று பிள்ளைகள் நேரடியாகப் பெருக்கிவிடுவார்கள். வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறையுமே. நின்றிருக்கும் மோட்டாரை 230 ÷ 40 = 5.75 ஓம் என்று வைத்துக் கேபிளோடு தொடரில் போட்டால், மோட்டாருக்கு 144 வோல்ட் வரும். அது மாறுமின்னோட்டச் சுருள் என்பதால் கட்டக் கோணத்தையும் (வோல்ட்டும் மின்னோட்டமும் ஒரே கணத்தில் உச்சம் தொடாத வித்தியாசம்) சேர்த்தால் 160 வரை போகலாம். சுழற்றும் திருப்புவிசை வோல்ட்டின் இருபடிக்கு ஏற்ப மாறும். 160 ÷ 230-இன் இருபடி 0.48. பாதித் திருப்புவிசைகூட இல்லை.

இன்னொரு கண்ணி. மோட்டார் சுருளின் தடையை மல்டிமீட்டரில் அளந்தால் சில ஓம்தான் காட்டும். 230-ஐ அதால் வகுத்தால் நூறு ஆம்பியர் பக்கம் வரும், உண்மையில் ஓடுவதோ 10. ஓம் விதி பொய்யா என்று கேட்பார்கள். சுழலும் மோட்டார் எதிர்மின்னியக்கு விசையை உண்டாக்குகிறது, அது மின்னோட்டத்தை அடக்குகிறது. அதனால் ஓம் விதியைக் கேபிளுக்குப் போடுங்கள், ஓடும் மோட்டாருக்குப் போடாதீர்கள்.

வகுப்பில் 230 வோல்ட்டைத் தொட வேண்டாம். 0.2 சதுர மி.மீ இரட்டை ஒயர் 20 மீ வாங்குங்கள். போகவர 40 மீ, தடை அதே 3.44 ஓம். ஒரு முனையில் 12 வோல்ட் பேட்டரி, 5 ஆம்பியர் ஃபியூஸோடு. மறுமுனையில் கார் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 21 வாட். பல்பைக் கழற்றி அளந்தால் 12 காட்டும். மாட்டி அளந்தால் 7, 8 வோல்ட்தான், பல்பு மங்கலாக எரியும். இப்போது மெல்லிய ஒயருக்குப் பதில் 2.5 ஸ்கொயர் ஒயரை அதே நீளத்துக்குப் போட்டால் பளிச்சென்று எரியும். சோதனையின்போது ஒயரைச் சுருட்டாமல் பரப்பி வையுங்கள், சூடு தேங்கக் கூடாது.

#14 அரூர் டீச்சர்

பல்புச் சோதனை போதும், அடுத்த வாரமே செய்துவிடுவேன். விசைக்குக் கல் தவிர வேறு ஏதாவது?

#15 காவேரிப்பட்டணம் மோட்டார்

கப்பி இருக்கே டீச்சர். கப்பி போட்டா பாரம் பாதியாகும்னு பெரியவங்களே சொல்றாங்க. நிலையான ஒத்தைக் கப்பியில 15 கிலோ வாளியை இழுக்க அதே 147 நியூட்டன்தான் வேணும். கீழ்நோக்கி இழுக்கலாம், உடம்பு எடையைப் போட்டு இழுக்கலாம், அதுதான் லாபம். ஆனா கப்பி மாட்டின கட்டைக்கு ரெண்டு பக்கக் கயிறும் சேர்ந்து 294 நியூட்டன். கட்டை உளுத்திருந்தா உடையறது இதனாலதான்.

மோட்டார் தூக்கறதும் இதே பாடம். ஒன்னேகால் இன்ச் எச்டிபிஇ பிளாஸ்டிக் பைப்புல 100 மீட்டருக்கு 80 லிட்டர் தண்ணி நிக்கும். தண்ணிமட்டம் 60 மீட்டர்னா, தண்ணிக்குள்ள மூழ்கின பைப்புல இருக்கிற தண்ணி நமக்குப் பாரம் இல்லை, மேல இருக்கிற 48 கிலோதான் பாரம். பைப், கேபிள் எடையை விட்டுட்டு, மோட்டார் 20 கிலோ சேர்த்து 68 கிலோ, 670 நியூட்டன் போல. கை நழுவி அரை மீட்டர் விழுந்து, கயிறு 5 செ.மீக்குள்ள பிடிச்சு நிறுத்தினா, விசை 11 மடங்கு, 7000 நியூட்டனைத் தாண்டும். பாரத்தைத் தாங்கற கயிறு அந்த உதறலைத் தாங்காது. நிறுத்தற தூரம் கூடக்கூட விசை குறையும்.

#16 ஊத்தங்கரை பதினொன்று

ஓசூர், தேன்கனிக்கோட்டை மேட்டில் மேலே வைக்கும் மோனோபிளாக் மோட்டார் ஆழத்திலிருந்து நீர் எடுக்காது என்கிறார்களே, அங்கே ஈர்ப்பு வேறா?

#17 ஓசூர் ஒலி

ஈர்ப்பு ஒன்றேதான். மாறுவது காற்றழுத்தம். மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை. அது குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, வெளிக்காற்று தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் காற்றால் 10.3 மீ வரை தள்ள முடியும். ஓசூர் ஏறக்குறைய 900 மீ உயரம், அங்கே 9.3 மீ. உராய்வு, ஃபுட் வால்வு (குழாயின் அடிமுனையில் இருக்கும் வால்வு) இழப்பு எல்லாம் போக நடைமுறையில் 6 மீட்டருக்கு மேல் நம்பாதீர்கள். ஆழம் கூடினால் மோட்டாரைக் கிணற்றுக்குள் தட்டு கட்டி இறக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள்.

ஒலியின் வேகம் மட்டும் காற்றழுத்தத்தைப் பார்க்காது. அழுத்தம் குறையும் அதே அளவில் அடர்த்தியும் குறைவதால் இரண்டும் ஈடாகிவிடும். #7-இன் கணக்கை ஓசூரிலும் அப்படியே போடலாம், வெப்பநிலையை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

#18 அரூர் டீச்சர்

திறந்த கிணற்றில் கல், பதிவு. அதே கிணற்றில் ஒயர் விட்டு நேரடி அளவு. இரண்டு விடையும் ஒரு அடிக்குள் ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லப் போகிறேன். ஒயரை முதலில் இறக்கினால் கல் போடும் பிள்ளைகள் விடையைத் தெரிந்துகொண்டு நேரத்தைத் திருத்தி எழுதிவிடுவார்கள் என்பதால் கல்தான் முதலில்.

#19 பென்னாகரம் இயற்பியல்

நல்ல வரிசை. இரண்டு அளவையும் ஒரே விளிம்பிலிருந்து எடுங்கள் டீச்சர். கைப்பிடிச் சுவரின் உச்சியிலிருந்து கல்லும் தரைமட்டத்திலிருந்து ஒயரும் போனால் மூன்று அடி அங்கேயே வந்துவிடும்.